அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு காமெடி எழுத முயல்பவரின் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி, அதை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலீஸ் போய்த் தொலைக்காட்சி காமெடித் தொடர்களுக்கு எழுதப் போகிறேன் என்கிறான். அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும், உள்ளே நுழைய என்ன வழி, கையில் என்ன நிற்கும்?

முதலில் வேலையைப் பற்றி. தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து, தோன்றுவதையெல்லாம் எழுதும் தொழில் இது என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் கிளம்புகிறார்கள். சம்பளத்துக்குத் தொடர் எழுதுவது அப்படி இல்லை. அது கூட்டு வேலை, அதிலும் முக்கால்வாசி திருத்தி எழுதும் வேலை. ஒரு எபிசோடில் ஒருவர் பெயர் வரும். ஆனால் அதில் நாம் கேட்டுச் சிரிக்கும் வசனங்களில் பாதிக்கு மேல் அறையில் இருந்த வேறு யாரோ சொன்னதாக இருக்கலாம். ஆகவே தம்பிக்கு இந்த வேலை சரிப்படுமா என்று பார்க்க, அவன் வீட்டில் எவ்வளவு சிரிக்க வைக்கிறான் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரே காட்சியை நான்காவது தடவை வேறு மாதிரி எழுதச் சொன்னால் சோர்வில்லாமல் உட்கார்வானா, தனக்குப் பிடித்த ஜோக்கை இன்னொருவர் வெட்டியபின் பத்தே நொடியில் அடுத்ததைச் சொல்வானா என்று பாருங்கள்.

ரைட்டர்ஸ் ரூம் என்கிற எழுத்தாளர் அறை நடக்கும் விதத்தைச் சொன்னால் இது விளங்கும். அறைக்குத் தலைவர் ஷோரன்னர். தொடரை உருவாக்கியவரோ அனுபவமுள்ள மூத்த எழுத்தாளரோ அந்த இடத்தில் இருப்பார். சீசனின் முதல் சில வாரங்கள் எபிசோட் எதுவும் எழுதாமல், இந்தப் பாத்திரங்களுக்கு இந்த ஆண்டு என்ன ஆகலாம் என்று பேசுவதிலேயே போகும். பிறகு ஒவ்வொரு எபிசோடாகக் கதையை உடைப்பார்கள். 'ஏ' கதை முதன்மைப் பாத்திரத்துடையது, 'பி' கதை இன்னொருவருடையது, 'சி' என்பது இரண்டு மூன்று இடங்களில் தலைகாட்டிவிட்டுப் போகும் சின்னச் சரடு. ஒவ்வொரு திருப்பமும் வெள்ளைப் பலகையிலோ அட்டையிலோ ஏறும். ஒரு எபிசோடைப் பலகையில் முடிக்கவே சில நாட்கள் பிடிக்கும்.

பலகை நிறைந்ததும் அந்த எபிசோட் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும். அவர் தனியே போய் எழுதுவது அப்போதுதான். முதலில் காட்சி வாரியான அவுட்லைன், பத்துப் பக்கம் போல. அதை ஸ்டுடியோவும் சேனலும் படித்துக் குறிப்பு கொடுக்கும். அதற்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முதல் டிராஃப்ட். அது அறைக்குத் திரும்பி வந்ததும் பெரிய திரையில் போட்டு, எல்லாரும் சேர்ந்து வரி வரியாக மாற்றுவார்கள். ஓர் இடத்துக்கு நான்கைந்து மாற்று ஜோக்குகள் சொல்லப்படும், அதற்கு ஆல்ட் என்று பெயர். ஷோரன்னர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், மற்றவை அங்கேயே போகும். தன் டிராஃப்ட் இப்படிச் சிதைவதைப் பார்த்து முகம் சுருங்குகிறவர் அறையில் நீடிப்பது கடினம்.

இதில் கடுமையானது மல்ட்டி-கேம் எனப்படும் வகை. பார்வையாளர் முன் நான்கு கேமரா வைத்து எடுக்கும் சிட்காம். 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர் மூன்று ஃபிலிம் கேமராக்களைப் பார்வையாளர் முன் ஓடவிட்டு நிலைநிறுத்திய முறை, அடிப்படையில் இன்றும் அதுவே. வாரம் ஐந்து நாள் சுழற்சி. முதல் நாள் டேபிள் ரீட். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள், எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவில்லை என்று எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பிரதியில் குறித்துக்கொள்வார்கள். அன்று மாலையே திருத்தம். இரண்டாம் நாள் ஒத்திகையைத் தயாரிப்பாளர்கள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் ஸ்டுடியோவும் சேனலும் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருத்தம் உண்டு, சில இரவு நடுநிசி தாண்டும். நான்காம் நாள் கேமராக்களின் இடம் முடிவாகும். ஐந்தாம் நாள் படப்பிடிப்பு. அன்றும் ஓய்வில்லை. ஒரு ஜோக்குக்கு இருநூறு பேர் சிரிக்கவில்லை என்றால், எழுத்தாளர்கள் செட்டின் ஓரத்தில் கூடி ஒரு நிமிடத்தில் புதிய வரி கொடுப்பார்கள். நடிகர் அடுத்த டேக்கில் அதைச் சொல்வார்.

திருத்தங்கள் அச்சாகும் தாள் நிறம் மாறிக்கொண்டே வரும்: வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. யார் கையில் எந்த நிறம் இருக்கிறது என்பதைக் கவனிப்பது ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டரின் பொறுப்பு. பழைய நிறத் தாளோடு ஒரு நடிகர் செட்டுக்கு வந்துவிட்டால், விடிய விடிய மாற்றிய வரி வீணாகிவிடும்.

சிங்கிள்-கேம் தொடர்கள் சினிமா போல எடுக்கப்படுபவை. பார்வையாளர் இல்லை, எழுத்தும் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே முடிந்துவிடும். அந்த வாராந்திர நெருக்கடி குறைவு. ஆனால் தப்பு எடிட்டிங் மேசையில்தான் தெரியவரும், அப்போது கைவசம் இருப்பது படம்பிடித்த வரிகள் மட்டுமே. அதனால்தான் படப்பிடிப்பிலேயே இரண்டு மூன்று ஆல்ட் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

இனி நுழைவு. கையில் வேண்டியது மாதிரி ஸ்கிரிப்ட். ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு ஒரு எபிசோட் எழுதிக் காட்டினால் போதும், அதை ஸ்பெக் என்பார்கள். இப்போது ஏஜென்ட்டும் ஷோரன்னரும் முதலில் கேட்பது சொந்தப் பைலட், அதாவது நீங்களே உருவாக்கிய தொடரின் முதல் எபிசோட். சில ஸ்டுடியோக்களின் பயிற்சித் திட்டங்கள் மட்டும் ஸ்பெக் கேட்டு வந்திருக்கின்றன. எனவே இரண்டு பைலட், ஒரு ஸ்பெக் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரே ஒரு பைலட்டோடு போனால், அது பிடித்தவர் கேட்கும் அடுத்த கேள்வி "வேறு என்ன வைத்திருக்கிறாய்?" என்பதுதான். அப்போது கை விரித்தால் அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும்.

நீளத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அரை மணி நேர சிங்கிள்-கேம் என்றால் 28 முதல் 35 பக்கம். மல்ட்டி-கேமில் வசனம் இரட்டை இடைவெளியில் அடிக்கப்படும், நடப்பைச் சொல்லும் வரிகள் பெரிய எழுத்தில் வரும், காட்சிகளுக்கு எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி என்று எழுத்து. அதனால் 45 முதல் 50 பக்கம் வரும், பக்கத்துக்கு அரை நிமிடம் என்று கணக்கு. விளம்பரம் போக ஓடுவது ஏறக்குறைய 22 நிமிடம். 41 பக்க சிங்கிள்-கேம் பைலட்டைக் கையில் எடுத்த உடனே, வெட்டத் தெரியாதவர் எழுதியது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். ஃபைனல் டிராஃப்ட் மென்பொருளில் இரண்டு வடிவத்துக்கும் தயார் வார்ப்புரு உண்டு. வேறு மென்பொருளில் எழுதினாலும் வடிவம் பிசகக் கூடாது.

பைலட்டுகள் கெடுவது பெரும்பாலும் நான்கைந்து காரணங்களால்தான். முதலாவது, கதையின் பின்னணியைப் பாத்திரங்களே விளக்கிச் சொல்வது. எடுத்துக்காட்டாக, நியூஜெர்சியில் நொடித்துப்போன ஒரு கல்யாண மண்டபத்தை அக்காவும் தம்பியும் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எழுதுபவர் முதல் இரண்டு பக்கத்தில் அக்காவை விட்டு "அப்பா போய் ஆறு மாசமாச்சு, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்குது, உனக்கு இது எதுவும் தெரியாதா?" என்று சொல்ல வைப்பார். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் மற்றவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? இதையே இப்படி மாற்றலாம்: ஜப்திக்கு முன் நாற்காலிகளை எண்ண வங்கி ஆள் வந்து நிற்கிறார். அதே நேரம் பெண் வீட்டார் மண்டபம் பார்க்க உள்ளே வருகிறார்கள். அக்கா சட்டென்று, "இவர்தான் எங்க சீட்டிங் டிசைனர்" என்கிறாள். இனி அவர் எண்ணும் ஒவ்வொரு நாற்காலிக்கும் பெண்ணின் தாய் கருத்துக் கேட்பார். கடன் இருப்பதும் தெரிந்துவிட்டது, அக்கா எப்படிப்பட்டவள் என்பதும் தெரிந்துவிட்டது, அடுத்த பத்துப் பக்கத்துக்குச் சிக்கலும் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரிச் சாமர்த்தியமாகப் பேசுவது. சோதிக்க எளிய வழி உண்டு: பாத்திரப் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தை வேறொருவரிடம் கொடுங்கள். யார் பேசுவது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அவை பாத்திரங்கள் அல்ல, எழுத்தாளரே ஐந்து குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, ஜோக்கைக் கழற்றி எடுத்தாலும் காட்சி அப்படியே நிற்பது. அப்படியென்றால் அந்த ஜோக் அங்கே ஒட்டவைக்கப்பட்டது. பாத்திரம் எதையோ அடைய முயல்வதிலிருந்து சிரிப்பு பிறந்தால் அதை எடுக்கவே முடியாது. நான்காவது, ஒரே ஒரு எபிசோடுக்கு மட்டும் கதை வைத்திருப்பது. பைலட் என்பது நூறு எபிசோடுக்கு எரிபொருள் இருக்கிறது என்று காட்டும் ஆவணம். அக்கா கடைசியில் உண்மையைச் சொல்லிக் கடனையும் அடைத்துவிட்டால் அடுத்த வாரம் என்ன?

முடித்த டிராஃப்ட்டை ஆறேழு பேரைக் கூப்பிட்டு வீட்டிலேயே வாசிக்க வைக்க வேண்டும். எழுதியவர் வாசிக்கக் கூடாது. கையில் பேனாவோடு ஓரமாக உட்கார்ந்து, சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, பெருஞ்சிரிப்புக்கு இரண்டு கோடு, ஆட்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். எங்கே சிங்கிள்-கேமில் ஒரு முழுப் பக்கம் கோடே இல்லாமல் போகிறதோ அங்கே ஜோக் சேர்க்கத்தான் கை போகும். பெரும்பாலும் கோளாறு அதற்கு இரண்டு மூன்று பக்கம் முன்பே இருக்கும்: பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது அங்கே தெளிவாகாமல் விட்டிருப்பீர்கள். அதைச் சரிசெய்தால் பழைய ஜோக்குகளே வேலை செய்யத் தொடங்கும்.

ஸ்கிரிப்ட் மட்டும் ஒருவரை அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அபூர்வம். நடைமுறையில் வழி உதவியாளர் வேலைகள் வழியாகப் போகிறது. அடியில் ரைட்டர்ஸ் பி.ஏ., அதாவது புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்: மதிய உணவு வாங்குவது, காபி, அச்சுப்பிரதிகள், பலகைக்குப் பேனா வரை. பதினைந்து பேர் சாப்பாட்டில் ஒருவருடையது தப்பினால் எல்லாருக்கும் தெரியும், ஆகவே இதை அலட்சியமாகச் செய்பவர் மேலே போவதில்லை. அதற்கு மேல் ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட். அறையில் பேசப்படுவதையெல்லாம் தட்டச்சு செய்து, இரவே ஒழுங்குபடுத்தி, காலையில் எல்லாருக்கும் அனுப்புபவர். இது வெறும் குமாஸ்தா வேலை அல்ல. ஏழு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எது ஷோரன்னர் ஏற்றது, எது போகிறபோக்கில் சொன்னது, எது நாளை மறுபடி தேவைப்படும் என்று பிரிக்கத் தெரிந்தவர், கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறார். மூன்றாவது படி நிறத்தாள்களைக் காக்கும் அந்த ஸ்கிரிப்ட் கோஆர்டினேட்டர். அசிஸ்டென்ட், கோஆர்டினேட்டர் இருவருக்கும் ஐ.ஏ.டி.எஸ்.இ. லோக்கல் 871 தொழிற்சங்கம் உண்டு. 2021 ஒப்பந்தம் அவர்களுடைய குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 26 டாலருக்கு உயர்த்தியது. லாஸ் ஏஞ்சலீஸ் வாடகைக்கு அதுவும் இறுக்கம்தான். நன்றாகச் செய்பவருக்கு ஷோரன்னர் ஒரு எபிசோட் எழுதக் கொடுப்பது இந்தத் தொழிலின் நல்ல வழக்கங்களில் ஒன்று.

இந்த ஏணியில் இப்போது பல படிகள் உடைந்துவிட்டன. பழைய சேனல் தொடர்கள் ஆண்டுக்கு 22 எபிசோட் எடுத்தன. எழுத்தாளருக்கு வருடத்தில் பெரும்பகுதி வேலை இருந்தது, எழுதும்போதே படப்பிடிப்பும் நடந்ததால் புதியவர்கள் செட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டார்கள். ஸ்ட்ரீமிங் வந்தபின் எட்டு, பத்து எபிசோட். நான்கைந்து பேரை வைத்துச் சில வாரத்தில் கதையை முடித்து அனுப்பிவிடும் மினி-ரூம்கள். படப்பிடிப்பு தொடங்கும்போது எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். 2023 மே 2 முதல் 148 நாள் நடந்த எழுத்தாளர் சங்க (ரைட்டர்ஸ் கில்ட்) வேலைநிறுத்தத்தின் அடியில் இருந்த கோபம் பெரிதும் இதுதான். அந்த ஒப்பந்தத்தில் சில நல்லவை கிடைத்தன: எபிசோட் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைந்தபட்ச எழுத்தாளர் எண்ணிக்கை, 13 எபிசோடோ அதற்கு மேலோ என்றால் ஆறு பேர் என்பதுபோல. ஸ்டாஃப் ரைட்டர் எபிசோட் எழுதினால் வாரச் சம்பளத்துக்கு மேல் தனி ஸ்கிரிப்ட் தொகை. செயற்கை நுண்ணறிவு எழுதியதை இலக்கியப் படைப்பாகக் கருதக் கூடாது என்ற விதி. ஆனால் தயாரிக்கப்படும் தொடர்களின் எண்ணிக்கையை எந்த ஒப்பந்தமும் கூட்ட முடியாது, அது குறைந்துகொண்டு வருகிறது.

எழுத்தாளர் என்று சம்பளம் வாங்கும் முதல் பதவி ஸ்டாஃப் ரைட்டர். அதன் மேல் ஸ்டோரி எடிட்டர், எக்ஸிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர் என்று ஏறும். ஸ்டாஃப் ரைட்டருக்குச் சங்கக் குறைந்தபட்சம் வாரத்துக்கு ஏறக்குறைய 5,000 டாலர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். 20 வார வேலை என்றால் ஒரு லட்சம் டாலர். அதில் ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், எழுத்தாளரின் தொழிலை வழிநடத்தும் மேனேஜர் இருந்தால் இன்னொரு 10, வழக்கறிஞருக்கு 5, சங்கச் சந்தா ஒன்றரை. மூவரும் இருந்தால் வரிக்கு முன் மிஞ்சுவது 73,500. மீதி 32 வாரத்துக்கு வருமானம் கிடையாது, அடுத்த வேலை எட்டு மாதம் கழித்தும் வரலாம். காமெடியில் இருவர் ஜோடியாக எழுதுவது சகஜம், ஆனால் ஜோடிக்கு ஒரே சம்பளம். மேலே சொன்ன தொகையை இரண்டாக வகுங்கள். சங்க உறுப்பினராக மூன்று ஆண்டுக்குள் 24 யூனிட் சேர்க்க வேண்டும், ஒரு வார வேலைக்கு இரண்டு யூனிட். மேற்குக் கிளையில் சேர்க்கைக் கட்டணம் 2,500 டாலர். சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகையை எட்ட வேண்டும். பாதி வருடம் வேலையில்லாதவர்களுக்குப் பெரிய கவலை அதுதான்.

புதிய எழுத்தாளர் அறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, பலரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். "இது சரியில்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது, மாற்று கையில் இருந்தால் வாயைத் திறக்கலாம். ஷோரன்னர் வேண்டாம் என்ற ஜோக்கைச் சொல்லை மாற்றி மறுபடி நீட்டக் கூடாது. பயந்து நாள் முழுக்க வாய்மூடி இருப்பதும் ஆபத்து, அடுத்த சீசனில் அழைப்பு வராது. மற்றவர் சொன்ன பாதி யோசனையை எடுத்து முழுமையாக்கத் தெரிந்தவரை எல்லாரும் விரும்புவார்கள். முதல் வேலையில் உங்கள் தம்பி பழக வேண்டியது அதைத்தான்.

அரங்கம் வழியாக வந்தவர்களுக்கு இது எளிதாக வருகிறது. சிகாகோவின் செகண்ட் சிட்டி, லாஸ் ஏஞ்சலீஸின் கிரவுண்ட்லிங்ஸ் போன்ற இடங்களில் ஸ்கெட்ச் எனும் குட்டி நகைச்சுவை நாடகத்துக்கும், இம்ப்ரோவ் எனும் முன்தயாரிப்பில்லாத நடிப்புக்கும் வகுப்புகள் உண்டு. மேடையில் சிரிப்பு வராத நொடியை உடம்பால் உணர்ந்தவர் காகிதத்திலும் அதை முன்கூட்டியே பார்க்கிறார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த மிண்டி கேலிங், தோழியோடு சேர்ந்து எழுதி நடித்த நாடகத்தை 2002இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் போட்டார், அதில் கவனம் பெற்றார். 24 வயதில் 'தி ஆஃபீஸ்' தொடரின் எட்டுப் பேர் அறையில் ஒரே பெண்ணாகச் சேர்ந்தார். அவர் வேலை தேடிப் போனபோது கையில் ஏற்கெனவே மேடையேறிய ஒரு படைப்பு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரவில் ஒரு தொகுப்பாளர் நடத்தும் லேட்-நைட் நிகழ்ச்சிகள் தனிப் பாதை. அங்கே கேட்பது பேக்கெட்: அந்த வாரச் செய்தியை வைத்து மோனோலாக் எனும் தொடக்கப் பேச்சுக்கான ஜோக்குகள், தொகுப்பாளர் மேசையிலிருந்து செய்யும் பகுதிக்கு இரண்டு மூன்று யோசனைகள், அந்தத் தொகுப்பாளரின் குரலில். கெடு சில நாள்தான் கொடுப்பார்கள். கைவசம் இருந்த பழைய ஜோக்கைச் சொருகினால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏஜென்ட் இல்லாமல் அனுப்பினால் ஸ்டுடியோக்கள் பிரிக்காமலே திருப்பிவிடும், வழக்குக்குப் பயந்து. அதனால் முதலில் தேட வேண்டியது மேனேஜரை, அவர்கள் புதியவர்களைப் படிக்கக் கொஞ்சம் கூடுதலாக நேரம் ஒதுக்குவார்கள். ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: படிக்கவோ பிரதிநிதித்துவம் செய்யவோ முன்பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். முறையான ஏஜென்ட்டும் மேனேஜரும் எழுத்தாளர் சம்பாதித்த பின்பே தங்கள் பங்கை எடுப்பார்கள். ஸ்கிரிப்ட்டை எழுத்தாளர் சங்கத்தின் மேற்குக் கிளையில் பதிவுசெய்ய உறுப்பினர் அல்லாதவருக்கு 20 டாலர் ஆகும். எழுதிய வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு, வெறும் யோசனைக்குக் கிடையாது.

கடைசியாக, உங்கள் தம்பி விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது விசா. அவன் எச்-1பி எனும் வேலை விசாவில் இருந்தால் அந்த அனுமதி அந்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே. அதை விட்டுவிட்டு ரைட்டர்ஸ் பி.ஏ. வேலையில் சேர முடியாது. ஓ-1 விசாவுக்கு ஏற்கெனவே சாதித்ததற்குச் சான்றுகள் வேண்டும், தொடங்குகிறவரிடம் அது இருக்காது. சினிமாப் படிப்பில் சேர்ந்து முடித்தால் ஓ.பி.டி. எனும், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம் கிடைக்கும், மென்பொருள் பட்டத்துக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்குக் கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை எதுவும் இல்லை. இல்லாவிட்டால் இப்போதைய வேலையிலேயே இருந்துகொண்டு, காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அடுத்த பதினெட்டு மாதத்தில் இரண்டு பைலட்டும் ஒரு ஸ்பெக்கும் முடித்து, இருக்கும் ஊரிலேயே ஒரு ஸ்கெட்ச் குழுவில் சேரச் சொல்லுங்கள். கிரீன் கார்டு கையில் வரும்போது ஸ்கிரிப்ட்டுகள் தயாராக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸுக்கு மாறும்போது ஒரு வருட வாடகையும் கைச்செலவும் வங்கியில் இருக்கட்டும்.